நெருக்கம் வேறு, இறுக்கம் வேறு

பைக்கில் போய் விழுந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள், "உயிருக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டு முடித்ததும் அடுத்துக் கேட்பது "எத்தனை தையல்?" என்பதைத்தான். செஞ்சி அரசு மருத்துவமனை வாசலிலும் இதே கேள்வி, சீயமங்கலத்துத் திண்ணையிலும் இதே கேள்வி. மூன்று தையல் என்றால் தப்பித்தார். பதினைந்து என்றால் பெரிய அடி. தையல் கடைக்குப் போனால், "நல்லா இறுக்கித் தைங்க, பிரியக் கூடாது" என்கிறோம். அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்தால், "கொஞ்சம் நெருக்கமா போடுங்க" என்கிறோம். மூன்று இடத்திலும் நம் மனதில் ஓடுவது ஒரே கணக்கு. தையல் கூடினால் பலம் கூடும், இறுகினால் இன்னும் கூடும்.

இந்தக் கணக்கு பாதிதான் சரி. தையல் விட்டுப்போகும்போது பெரும்பாலும் அறுவது நூல் அல்ல. நூல் பிடித்துக்கொண்டிருந்த விளிம்புதான் கிழிகிறது. ஆகவே நூலின் பலத்தை மட்டும் பார்த்தால் போதாது. நூல் எதைப் பிடிக்கிறதோ அது எவ்வளவு இழுவை தாங்கும் என்று பார்க்க வேண்டும். துணி, தோல், உடம்பு மூன்றும் இதில் மூன்று விதம். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது தொழில் செய்பவருக்கு மட்டுமல்ல, தைக்கக் கொடுப்பவருக்கும் உடம்பில் தையல் போட்டுக்கொள்பவருக்கும் பயன்படும்.

சீயமங்கலத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த கோயிலில் இணைப்பு என்ற பேச்சே இல்லை. தூணும் சுவரும் கூரையும் ஒரே பாறை. மனிதன் உடுத்துவதற்கும் காலில் போடுவதற்கும் அந்த வசதி கிடையாது. வெட்டினால் இணைத்தே ஆக வேண்டும். இன்று வந்தவாசி, தேசூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி செய்யாறு சிப்காட்டில் உள்ள காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். இணைக்கும் வேலையைச் செய்யும் கைகள் இந்தப் பக்கத்தில் நிறையவே இருக்கின்றன. அந்த வேலையின் உள்ளே இருக்கும் அறிவு மட்டும் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

ஊசி போட்ட ஓட்டை என்ன ஆகிறது?

முதலில் துணி. நெசவுத் துணி என்பது குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இழைகள். சரியான ஊசி இறங்கினால் இழைகள் விலகி வழிவிடும், அறுவதில்லை. தையலைப் பிரித்துவிட்டால் இழைகள் பழைய இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். ஒருமுறை துவைத்து இஸ்திரி போட்டால் பெரும்பாலும் தடமே தெரியாது. ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது "உள்ளே ரெண்டு இஞ்ச் விட்டுத் தைங்க, அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்று சொல்ல முடிகிறதே, அது துணிக்கு இருக்கும் இந்தக் குணத்தால்தான். ஜூன் மாதத்தில் தைத்த பள்ளிச் சீருடை அடுத்த ஜூனிலும் உதவுவது இதனால்தான்.

செருப்புத் தோலில் இது நடக்காது. தோலில் இழை வரிசை கிடையாது. நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கின்றன. ஊசி அங்கே வழி கேட்டுப் போக முடியாது, வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வெட்டிய ஓட்டை வெட்டியபடியே இருக்கும். அதனால்தான் அனுபவமுள்ள செருப்புத் தைப்பவர், பிய்ந்த வாரைத் திரும்பத் தைக்கும்போது கூடுமானவரை பழைய ஓட்டைகளிலேயே நூலை விடுகிறார். பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை குத்தினால், இரண்டு வரிசைக்கும் நடுவில் இருக்கும் தோல் நாளைக்குப் பட்டையாகப் பிய்ந்து வரும்.

உடம்பின் தோல் இந்த இரண்டிலும் சேராது. அது உயிருள்ளது. ஊசி போட்ட ஓட்டையைத் தானே மூடிக்கொள்ளும், பிளந்த இரண்டு விளிம்பையும் தானே ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கு விளிம்பு வரை ரத்தம் வந்து சேர வேண்டும். நூல் அந்த ரத்த ஓட்டத்தை நெரித்துவிட்டால் எந்தப் பலத்துக்காகத் தைத்தோமோ அந்தப் பலம் வராது. காயத்தை ஒட்ட வைப்பது நூல் அல்ல; உடம்பு ஒட்டி முடிக்கும்வரை இரண்டு கரையையும் பக்கத்தில் பிடித்து வைத்திருப்பது மட்டுமே நூலின் வேலை.

முனை பார்த்து ஊசி

பொருள் மாறினால் ஊசியும் மாற வேண்டும் என்பது மிகப் பழைய அறிவு. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளர்களை வரிசையாகச் சொல்லும்போது துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் அடுத்தடுத்து நிறுத்துகிறது. வேலை ஒன்றுதான், ஆனால் ஆள் வேறு. பதிற்றுப்பத்தில் சேரன் செங்குட்டுவனைப் பரணர் பாடிய ஐந்தாம் பத்து இன்னொரு செய்தியைத் தருகிறது. போரில் மார்பு பிளந்த வீரனின் புண்ணை நெடிய வெள்ளூசியால் தைப்பதை, மீனுக்காகக் குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியோடு ஒப்பிடுகிறார் புலவர். ஊசி ரத்தத்துக்குள் மறைந்து அந்தப் பக்கம் எழுவதைக் கண்ணால் பார்த்தவர்தான் அப்படிச் சொல்லியிருக்க முடியும். காயத்துக்குத் தையல் என்பது ஆங்கில மருத்துவத்தோடு நம் ஊருக்கு வந்தது என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வடமொழியில் சுசுருத சம்ஹிதை இதை விதியாகவே வகுத்தது. சதை குறைந்த இடத்துக்கும் மூட்டுக்கும் இரண்டு விரற்கடை நீள உருண்டை ஊசி. சதைப்பற்றான இடத்துக்கு மூன்று விரற்கடை நீள முக்கோண ஊசி. வயிறு போன்ற ஆபத்தான இடங்களுக்கு வில்போல வளைந்த ஊசி. இன்றைய அறுவை அரங்கிலும் பகுப்பு ஏறக்குறைய இதுதான். குடலைத் தைக்க உருண்டை முனை. அது திசுவை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். மேல்தோலைத் தைக்க முக்கோண முனை. அது வெட்டிக்கொண்டு போகும்.

இந்த முக்கோண ஊசியில் ஒரு நுட்பம் உண்டு. வளைந்த ஊசியின் உட்பக்கம் கூர்விளிம்பு இருந்தால், அது போட்ட ஓட்டையின் கூரான மூலை காயத்தைப் பார்த்தபடி இருக்கும். நூலை இழுத்து முடிச்சுப் போட்டதும் இழுவை நேராக அந்த மூலையில் விழும். தோல் காயத்தை நோக்கிக் கிழியத் தொடங்கும். ஆகவே கூர்விளிம்பை ஊசியின் வெளிப்பக்கத்துக்கு மாற்றினார்கள். இப்போது காயத்தைப் பார்ப்பது முக்கோணத்தின் தட்டையான பக்கம். நூல் அந்தத் தட்டையில் சாய்ந்து நிற்கிறது, கிழிக்க மூலை இல்லை. இன்று மேல்தோலுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் எடுப்பது இந்த ஊசியைத்தான்.

தையல் இயந்திரத்திலும் இதே பகுப்புதான். திருப்பூர் பனியன் துணிக்குக் கூர்முனை ஊசி போட்டால் பின்னலின் ஒரு கண்ணி அறுந்து, அங்கிருந்து ஏணிபோல இறங்கிக்கொண்டே போகும். அதனால் அங்கே முனை மழுங்கிய, பந்து முனை ஊசி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ தொழிற்சாலைகளில் தோலுக்குக் கத்திபோன்ற முனை உள்ள ஊசி. சட்டை தைக்கும் ஊசியிலேயே ஜீன்ஸையும் ரெக்ஸின் பையையும் தைத்துவிட்டு, "மிஷின் தையல் தாண்டித் தாண்டி விழுது" என்று குறைப்படுவதில் பயனில்லை.

நெருக்கமும் இறுக்கமும்

இப்போது குழப்பத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். ஒரு இஞ்சில் எத்தனை தையல் விழுகிறது என்பது நெருக்கம். ஒவ்வொரு தையலிலும் நூலை எவ்வளவு இழுக்கிறோம் என்பது இறுக்கம். இரண்டும் ஒன்றல்ல.

நெருக்கம் பொருளைப் பொறுத்தது. சட்டைத் துணியில் இஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் தாராளமாகப் போகலாம். இழுவை பலவாகப் பிரிந்து ஒவ்வொரு தையலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். தடித்த தோலில் அதே நெருக்கத்தில் குத்தினால், தபால்தலை விளிம்பில் கிழிப்பதற்கென்றே போட்ட ஓட்டை வரிசையைப் போல ஆகிவிடும். தோல் நல்ல தோலாக இருந்தும் அந்தக் கோட்டில் சட்டென்று பிய்யும். "நெருக்கமா போடுங்க" என்று செருப்புக்குச் சொல்வது பல நேரம் கெடுதலாக முடிவது இதனால்தான்.

உடம்பில் நெருக்கத்தால் நன்மையும் உண்டு, கெடுதலும் உண்டு. தையல்களுக்கு இடையே தூரம் அதிகமானால் புண்ணின் விளிம்பில் வலி வரும், மிகப் பக்கத்தில் போட்டால் விளிம்பு பிய்யும், ஆகவே அதிகத் தூரமும் வேண்டாம், அதிகப் பக்கமும் வேண்டாம் என்று சுசுருதர் அப்போதே எச்சரித்தார். வயிற்று அறுவைக்குப் பின் வயிற்றுச் சுவரை மூடும் தையல் பற்றி இருபதாம் நூற்றாண்டில் செய்த கணக்கு இன்னும் தெளிவானது. ஜென்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1976-ல் எழுதிய கட்டுரையில், வெட்டின் நீளத்தைப்போல நாலு பங்கு நூலாவது உள்ளே செலவாக வேண்டும் என்றார். காரணம் எளிது. அறுவைக்குப் பின் வயிறு உப்பும், இருமல் வரும். வெட்டுக்கோடு கொஞ்சம் நீளும். நூலில் தாராளம் இருந்தால் அதுவும் கூடவே நீண்டு கொடுக்கும். இறுக்கி இழுத்துச் சிக்கனமாகத் தைத்திருந்தால், நூல் நீளாது. சதையை அறுத்துக்கொண்டு வெளியே வரும்.

2015-ல் நெதர்லாந்தில் 560 பேரிடம் நடந்து வெளியான ஆய்வு இன்னொரு படி மேலே போனது. விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பெரிய தையலாகப் போட்டவர்களில் 21 சதவீதம் பேருக்கு ஓராண்டில் அந்த இடத்தில் குடலிறக்கம் வந்தது. அரை சென்டிமீட்டரில் சின்னச் சின்னதாக, நெருக்கமாகப் போட்டவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இங்கே நெருக்கம் நன்மை செய்தது. ஏனென்றால் ஒவ்வொரு தையலின் மீதும் விழும் இழுவை குறைந்தது.

ஆக, நெருக்கம் சில இடத்தில் நல்லது, சில இடத்தில் கெடுதல். இறுக்கம் அப்படியல்ல, அளவைத் தாண்டிய இறுக்கம் மூன்று இடத்திலும் கெடுதல்தான். துணியில் அது சுருக்கம் விழச் செய்யும். மெலிந்த தோலில் நூல் கம்பிபோல உள்ளே இறங்கி அறுக்கும். உடம்பில் விளிம்பை வெளுக்க வைத்து அழுக வைக்கும். ஆகவே காயத்தில் பத்துத் தையல் இருக்கிறது என்பது காயம் பெரிது என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. முகத்தில் வடு தெரியக் கூடாதென்று மருத்துவர் மெல்லிய நூலில் பத்து போட்டிருக்கலாம். முதுகில் அதே நீளத்துக்கு நாலு போதுமென்று விட்டிருக்கலாம்.

நல்ல தையல்காரர்கள் இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். மிஷினில் துணியின் மேலே ஒரு நூல், கீழே பாபினில் ஒரு நூல். இரண்டும் துணியின் தடிமனுக்குள்ளேயே ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். மேல்நூலின் டென்ஷன் கூடிவிட்டால் பாபின் நூல் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும்; குறைந்துவிட்டால் மேல்நூல் கீழே வளையமாகத் தொங்கும். அதனால் துண்டுத் துணியில் நாலு விரல் ஓட்டிப் பார்த்து, டென்ஷன் திருகைக் கால் சுற்று திருப்பிவிட்டுத்தான் வாடிக்கையாளர் துணியைத் தொடுகிறார்கள். இன்னொன்றும் அவர்களுக்குத் தெரியும். துணியைவிட நூல் ஒரு பிடி பலம் குறைந்திருப்பதே நல்லது. ஏதாவது ஒன்றில் மாட்டி இழுபட்டால் தையல் விடட்டும். பத்து நிமிடத்தில் திரும்பப் போட்டுவிடலாம். துணி கிழிந்தால் ஒட்டுப் போட வேண்டும்.

ஒன்று பிரிந்தால் மற்றது

நெல் வரத்துக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போனால், மூட்டையின் வாயைக் கையடக்க மிஷினால் சில நொடிகளில் தைத்து மூடுவதைப் பார்க்கலாம். அது சங்கிலித் தையல். ஒவ்வொரு வளையமும் முந்தைய வளையத்துக்குள் நுழைந்து நிற்கிறது. சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். தவறான முனையிலிருந்து இழுத்தால் ஒரு அங்குலம்கூட நகராது. மூட்டைக்கு இது குறையல்ல, தேவை. மில்லில் அதைப் பிரிக்க வேண்டுமே. முன்பு கோணி ஊசியும் சணலும் வைத்துக் கையால் தைத்தபோது பிரிப்பதற்குக் கத்தி தேவைப்பட்டது.

பிரெஞ்சுக்காரர் பார்த்தலமி திமோனியே 1830-ல் காப்புரிமை பெற்ற மிஷின் போட்டதும் இந்தச் சங்கிலித் தையலைத்தான். பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையல்காரர்கள் அவருடைய பட்டறையை உடைத்தார்கள். மேல்நூலும் கீழ்நூலும் பூட்டிக்கொள்ளும் தையலுக்கு எலியாஸ் ஹோவ் 1846-லும், பின்னர் சிங்கர் 1851-லும் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். பூட்டுத் தையலில் ஒரு இடம் அறுந்தால் முழுதும் உருவிக்கொண்டு வராது. சட்டைக்கு அது வேண்டும். ஆனால் அது நீளாது. பனியன் துணியைப் பூட்டுத் தையலில் தைத்தால் தலையை நுழைக்கும்போதே 'பட்'டென்று அறும். அங்கே வளையங்களால் ஆன ஓவர்லாக் வேண்டும்.

தெருவோரத்தில் செருப்புத் தைப்பவரின் கையை ஒரு நிமிடம் கவனியுங்கள். முனையில் கொக்கி வெட்டிய குத்தூசியை மேலிருந்து குத்துவார். அடியில் இருக்கும் இடது கை மெழுகிட்ட நூலைக் கொக்கியில் மாட்டும். குத்தூசி அந்த நூலை வளையமாக மேலே இழுத்து வரும். மேலே இருக்கும் நூலின் முனையை அந்த வளையத்துக்குள் கோத்து, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இழுப்பார். மிஷினின் பூட்டுத் தையல் இரும்பில் செய்வதை அவர் விரலால் செய்கிறார். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை விரலில் நூல் கொடுக்கும் எதிர்ப்பிலிருந்து தெரிந்துகொள்கிறார்.

மருத்துவர் மேல்தோலில் பெரும்பாலும் ஓட்டுத் தையலைத் தவிர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சுப் போட்டு நறுக்குவதற்கும் காரணம் உண்டு. ஒரு இடத்தில் சீழ் பிடித்தால் அந்த ஒன்றை மட்டும் வெட்டிச் சீழை வெளியேற்றலாம். மற்றவை பிடித்து நிற்கும். தொடர் நூலாக இருந்தால் ஒன்று போனால் வரிசையே தளரும். சுத்தமான, நேரான வெட்டில் ஓட்டுத் தையலும் போடுவார்கள். அது வேகமானது, இழுவையைச் சமமாகப் பகிரும்.

எவ்வளவு நாள் இருக்க வேண்டும்?

சட்டைத் தையல் சட்டை உள்ளவரை இருக்க வேண்டும். நல்ல ஷூவின் தையலில் வேறு மாதிரி யோசித்தார்கள். மேற்பாகத்தையும் அடிப்பாகத்தையும் நேராகச் சேர்த்துத் தைக்காமல், நடுவில் ஒரு தோல் பட்டையை வைத்து, மேற்பாகத்தை அந்தப் பட்டையோடும், பட்டையை அடியோடும் தனித்தனியாகத் தைப்பார்கள். அடி தேய்ந்தால் கீழ்த் தையலை மட்டும் பிரித்துப் புது அடி போடலாம். மேற்பாகத்தில் புதிய ஓட்டை விழாது. தோலில் ஓட்டை ஆறாது என்று தெரிந்தவர்கள் கண்ட வழி இது.

உடம்பில் போடும் நூலோ போய்விட வேண்டிய நூல். எப்போது போக வேண்டும் என்பதில்தான் மக்களுக்குக் குழப்பம். பிரசவ அறுவைக்குப் பின், "உள்தையலை எப்பப் பிரிப்பாங்க?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. உள்ளே போடுவது கரையும் நூல். அதை யாரும் பிரிக்க வேண்டியதில்லை. முன்பு ஆட்டு, மாட்டுக் குடலிலிருந்து எடுத்த கேட்கட் நூல்தான் அதிகம். இப்போது ரசாயனத்தில் செய்த நூல்கள் உடம்பின் நீரிலேயே மெல்ல உடைந்து கரைகின்றன. பரவலாகப் பயன்படும் ஒரு வகை மூன்று வாரத்தில் பாதி பலத்தை இழந்து, இரண்டு மாதம், இரண்டரை மாதத்தில் முழுதும் மறைந்துவிடும்.

வெளியே போடும் நைலான் நூலைப் பிரிக்க வேண்டும். முகத்தில் ஏறக்குறைய ஐந்து நாள், உடம்பிலும் தலையிலும் ஏழு முதல் பத்து நாள், மூட்டின் மேல் இரண்டு வாரம் வரை. முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், சீக்கிரம் ஒட்டும். நூலை அதிக நாள் விட்டால் ஏணிப்படிபோல வடு நிற்கும். முட்டியில் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் இழுபடும், அதனால் அதிக நாள். "இன்னும் நாலு நாள் இருக்கட்டுமே, கெட்டியாகும்" என்று நாமாகத் தள்ளிப்போடுவது தவறு. "தையல் பிரிச்சாச்சு, இனி மூட்டை தூக்கலாம்" என்பது அதைவிடப் பெரிய தவறு. ஒரு வாரத்தில் காயத்துக்குத் திரும்புவது பழைய தோலின் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று மாதம் ஆனாலும் எண்பது சதவீதம் அளவில்தான் நிற்கும்.

தைக்கக் கூடாத காயம்

கிழிந்ததெல்லாம் தைக்க வேண்டியது என்பதும் சரியல்ல. நாய் கடித்த காயம் அதற்கு முதல் உதாரணம். பெரிதாகப் பிளந்திருந்தாலும் மருத்துவர் தைக்காமல் விட்டால், "தையல்கூடப் போடாமல் அனுப்பிட்டாங்க" என்று கோபப்படக் கூடாது. தைத்து மூடினால் ரேபிஸ் கிருமியை ஆழத்துக்கு, நரம்புகளுக்குப் பக்கத்தில் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவதுதான் அங்கே முதல் மருந்து. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். பிறகு தடுப்பூசி, ஆழமான கடியாக இருந்தால் காயத்துக்குள்ளேயே போடும் இம்யூனோகுளோபுலின். தைத்தே தீர வேண்டிய இடமானால் அதைப் போட்ட பிறகு, மிகக் குறைந்த எண்ணிக்கையில், தளர்வாகத்தான் தைப்பார்கள். சேறு புகுந்த, நாள்பட்ட காயத்தையும் இதேபோலத் திறந்து வைத்து, சுத்தமான பிறகு தைப்பது உண்டு.

இன்னொரு பக்கம், தையலே தேவைப்படாதபடி வெட்டக் கற்றுக்கொண்டதும் ஒரு முன்னேற்றம். கண்புரை அறுவையில் ஒரு காலத்தில் கண்ணில் பல தையல் போட்டார்கள். இன்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உட்படப் பல இடங்களில், கண்ணின் உள்ளழுத்தத்தாலேயே தானாக மூடிக்கொள்ளும்படி சாய்வாகச் சிறிதாக வெட்டுகிறார்கள். பெரும்பாலோருக்கு நூலே தேவைப்படுவதில்லை.

வேலூரில் அறுவையும் செருப்பும் சேர்ந்த இடம்

துணித் தையலும் மருத்துவத் தையலும் ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுத்த கதைகள் உலகில் உண்டு. ரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறைக்காக 1912-ல் நோபல் பரிசு பெற்ற அலெக்சி காரெல், பிரான்சின் லியோன் நகரில் ஒரு பூத்தையல் பெண்மணியிடம் மெல்லிய ஊசி பிடிக்கக் கற்றவர். நமக்கு அதைவிடப் பக்கத்தில், சீயமங்கலமும் சேர்ந்திருந்த அன்றைய வடஆற்காடு மாவட்டத்திலேயே, இன்னொரு கதை இருக்கிறது.

கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் காட்டிய மடங்கிப்போன கைகள் அவருடைய வேலையின் திசையை மாற்றின. தொழுநோயில் சில நரம்புகள் செத்து, விரலை நீட்டும் சிறு தசைகள் முடங்குகின்றன. ஆனால் முன்கையில் நல்ல தசைகள் மிச்சம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் தசைநாரை எடுத்து வேறு வழியாகக் கொண்டுபோய் விரலில் தைத்தால், அந்தத் தசை புது வேலையைக் கற்றுக்கொள்ளும். இங்கே இறுக்கம்தான் எல்லாம். இழுத்துத் தைத்துவிட்டால் விரல் மடங்காது, தளர்ந்தால் நிமிராது. மூன்று வாரம் மாவுக்கட்டில் வைத்த பிறகுதான் அந்தக் கணிப்பு சரியா என்று தெரியும். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இந்த அறுவைகளைச் செய்தார்.

கையைச் சரிசெய்தாலும் கால் புண்ணானது. தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே அவற்றைத் தின்கின்றன என்பதை வேலூர்க் குழுவினர் நிறுவினார்கள். அந்தக் காயங்களுக்கு ஒரு காரணம், சாதாரணச் செருப்பு. அடியில் அடித்த சிறு ஆணி தேயத் தேய மேலே முனை காட்டும். உணர்ச்சி உள்ளவன் உடனே உதறுவான். உணர்ச்சி இல்லாதவன் அதன் மேலேயே நாள் முழுக்க நடப்பான். ஆகவே செருப்பையே மாற்ற வேண்டியிருந்தது. அறுவை அரங்கோடு செருப்புப் பட்டறையும் சேர்ந்தது. மிருதுவாகவும் அதே நேரம் அமுங்கிப் போகாமலும் இருக்கும் எம்.சி.ஆர் என்ற நுண்துளை ரப்பர் உள்ளே, கெட்டியான ரப்பர் அடியில். வாரைத் தைத்தும் ஒட்டியும் பிடிப்பது. ஆணி மட்டும் எங்கேயும் கிடையாது. 1955-ல் காட்பாடி அருகே கரிகிரியில் தொடங்கிய ஷிஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் இந்த வேலையைத் தொடர்ந்தது. கையில் தசைநாரைத் தைத்தவரும் காலுக்கு வாரைத் தைத்தவரும் ஒரே நோயாளிக்காக ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டார்கள்: இழுவை எங்கே விழும், அதை எப்படிப் பகிர்வது?

இந்தப் பாடம் தொழுநோயோடு முடியவில்லை. இன்று உணர்ச்சி மரத்த பாதங்கள் அதிகம் இருப்பது சர்க்கரை நோயாளிகளிடம். எம்.சி.ஆர் செருப்பு என்று கேட்டு வாங்குபவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். ஆனால் கிராமத்தில் பலர் அறுந்த பழைய செருப்பையே கொடுத்து, "ரெண்டு ஆணி அடிச்சுக் கொடுங்க, போதும்" என்கிறார்கள். பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர் அப்படிச் சொல்லக் கூடாது. தைத்துத் தரச் சொல்ல வேண்டும். முடிச்சு கால் படும் பக்கம் வரக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். வாங்கிய செருப்புக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

அரசு செய்யக்கூடியதும் உண்டு. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கிறோம்; துணி தைப்பது தொழில் என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். செருப்புத் தைப்பதையும் அப்படியொரு தொழிலாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் இரண்டு மூன்று பேருக்கு உணர்ச்சியற்ற பாதத்துக்கான செருப்பு செய்யப் பயிற்சி கொடுத்து, ரப்பரும் நூலும் வழங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைத்தால், நோயாளி செருப்புக்காக வேலூருக்கும் சென்னைக்கும் அலைய வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதா மாதம் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பணியாளர், வாசலில் கிடக்கும் செருப்பையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம். ஆணி முனை தெரிந்தால் அதைப் பிடுங்கிவிட்டு நாலு தையல் போட வைப்பது, பின்னால் கால்விரலை எடுப்பதைத் தவிர்க்கக்கூடிய மிக மலிவான சிகிச்சை.